நாற்சாரும் தூக்குவிளக்கும்

கொழும்பில் சிறிய தொடர்மாடி வீடொன்றுக்குக் குடிபெயர்ந்த நண்பர், அதை எவ்வாறு அலங்கரிக்கலாம் என்று கேட்டார். பகத்தலை வீதியருகே 33ஆம் ஒழுங்கையிலுள்ள 11ஆம் இலக்க வீட்டைப் பார்த்து வாருங்கள் என்றேன்.

கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1958இல் அங்கு குடிபுகுந்தபோது, நான்கு சிறு வீடுகள் கொண்ட வரிசையில் மூன்றாவது மட்டுமே அவருடையது. கூடம், படுக்கையறை, சிறு சமையலறை ஆகியவற்றுடன் தொடங்கியவர், காலப்போக்கில் ஏனைய மூன்றையும் சேர்த்து ஒரே வீடாக்கினார். இடம் கூடியபோதும் அதைப் பொருள்களால் அடைக்கவில்லை. ஆங்காங்கே கூரையைத் திறந்து சிறு முற்றங்கள் அமைத்தார். நிழலான நடையில் செல்பவர் முன் திடீரென வானத்து ஒளி இறங்கும். செட்டிநாட்டுப் பழந்தூண்களும், ஓவியர் டொனால்ட் ஃபிரெண்ட் தீட்டிய கதவுகளும் அவ்வொளியிலேயே உயிர்பெறுகின்றன.

எங்கள் யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் இதே கணக்கில் கட்டப்பட்டதுதான். 1990இல் இடம்பெயர்ந்தோம், திரும்பியபோது அத்திவாரமே எஞ்சியிருந்தது. அன்று அம்மா கையோடு எடுத்துவந்த பித்தளைத் தூக்குவிளக்கு இன்று கொழும்பில் என் இரண்டறை வீட்டில் தொங்குகிறது. அதனடியில் நான் எதனையும் வைப்பதில்லை. அந்த வெற்றிடமே எங்கள் முற்றம்.