கலைத்தவரே கட்டிய அணி

அமெரிக்காவின் பேஸ்பால் சரித்திரத்தில் வீழ்ச்சியுற்ற அணிகள் பல. வீழ்ந்தபின் எழுந்தவை சில. ஆனால், சிரேஷ்டமானதோர் அணியைத் தம் கையாலேயே கலைத்து, ஏழு ஆண்டுகள் அதைக் கடைசி ஸ்தானத்தில் கிடக்கவிட்டு, பதவியை விட்டு அசையாமலே அதற்கு நிகரான மற்றோர் அணியை உருவாக்கிய ஒருவருடைய விருத்தாந்தம் பிலடெல்பியா நகரத்து அத்லெடிக்ஸ் சங்கத்திற்கே உரியது. அவர் பெயர் கானி மேக். அயர்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் 1862-இல் மாஸசூஸெட்ஸில் பிறந்து, இளமையில் கேட்சராக ஆடி, 1901-இல் அமெரிக்கன் லீக் தலையெடுத்தபோது பிலடெல்பியா அணியின் நிர்வாகியாக வந்தவர். ஆட்டக்காரர்களின் சீருடையை அணியாமல், கோட்டும் தொப்பியும் தரித்து, பெஞ்சில் அமர்ந்தபடி, கையிலிருந்த ஸ்கோர் அட்டையை அசைத்தே யார் எங்கே நிற்கவேண்டும் என்று காட்டிவந்த அந்த நெடிய, மெலிந்த உருவம் அரை நூற்றாண்டு அங்கே நீடித்தது.

அவருடைய முதற் சிறந்த அணி 1910, 1911, 1913 ஆகிய மூன்று ஆண்டுகளில், இரு பெரிய லீகுகளிலும் முதலிடம் பெற்ற அணிகள் மோதும் உலகத் தொடரை வென்றது. மற்றவர்கள் முரட்டு இளைஞர்களைத் தேடிய காலத்தில் மேக் கல்லூரிகளில் கண் வைத்திருந்தார்: எடி காலின்ஸ் கொலம்பியா சர்வகலாசாலையிலிருந்து வந்தவர், ஜாக் பாரி ஹோலி கிராஸ் கல்லூரியில் படித்தவர். இவ்விருவரும், பிராங்க் பேக்கரும், ஸ்டஃபி மக்கின்னிஸும் சேர்ந்த உள்வட்ட நால்வரை 'லட்ச டாலர் நால்வர்' என்றே பத்திரிகைகள் வர்ணித்தன. எஃகாலும் கான்கிரீட்டாலும் அமைந்த முதல் பேஸ்பால் அரங்கமான ஷைப் பார்க் 1909-இல் அவர்களுக்காகவே திறக்கப்பட்டது.

1914-இலும் 99 ஆட்டங்களை வென்று லீகில் முதலிடம் பெற்ற அவ்வணி, ஜூலை மாதத்தில்கூடத் தன் லீகின் அடிமட்டத்தில் கிடந்து பின்னர் திடீரென்று மேலெழுந்த பாஸ்டன் பிரேவ்ஸிடம் உலகத் தொடரில் ஓர் ஆட்டமும் வெல்லாமல் தோற்றது. ஆயினும் சங்கத்தை உலுக்கியது அத்தோல்வியன்று. ஓர் ஆட்டக்காரனை அவனுடைய சங்கம் விடுவித்தாலன்றி வேறிடம் போகவொட்டாத ஒப்பந்த நிபந்தனையே அக்காலத்தில் சம்பளத்தைத் தாழ்த்தி வைத்திருந்தது. பெடரல் லீக் என்னும் புதிய போட்டி லீக், அந்நிபந்தனையைப் பொருட்படுத்தாமல் பணத்தை வீசி ஆட்களை இழுத்தது. மேக்கின் அணிக்குள்ளேயே அப்பணத்தின் பேரில் ஆசை கொண்டவர்களும் கொள்ளாதவர்களும் இரு பிரிவாயினர். நகரத்து மக்களோ வெற்றியிலேயே சலித்துப் போனவர்கள்போல விலகினர்: 1913-இல் 5,70,000-க்கு மேலிருந்த பார்வையாளர் தொகை, முதலிடம் பெற்ற 1914-லேயே 3,50,000-க்குக் கீழே இறங்கியது. சிகாகோவிலும் செயின்ட் லூயிஸிலும் கூட்டம் திரளும் ஞாயிற்றுக்கிழமையில், பென்ஸில்வேனியாவின் பழைய சட்டப்படி, ஆட்டமே நடத்த இயலவில்லை. அத்தடை 1934-இல்தான் நீங்கிற்று.

இந்நிலையில் மேக், இழக்கப்போவதை விற்றுவிடுவதே விவேகம் என்று கருதினார். காலின்ஸ் 50,000 டாலருக்குச் சிகாகோவுக்கு விற்கப்பட்டார். பந்தெறிவதில் பெயர் பெற்ற பெண்டரும் பிளாங்கும் பெடரல் லீகுக்குப் போயினர். மற்றொரு பந்தெறிவீரரான கூம்ஸ் புரூக்ளினுக்குப் போனார். பேக்கர் சம்பளத் தகராறில் 1915 முழுவதும் ஆட வராமலிருந்து, அடுத்த ஆண்டு நியூயார்க்குக்கு விலையானார். ஷாக்கி, பென்னாக் என்னும் இரண்டு இளம் பந்தெறிவீரர்களையும் மேக் கைவிட்டார். இவ்விருவரும் பிற்காலத்தில் நியூயார்க்கின் வெற்றிகளுக்குத் தூண்களாயினர். மூத்தவர்களை விற்றதற்குச் சமாதானம் சொல்லலாம். இவர்களை விட்டதற்கு எச்சமாதானமும் போதாது. மேலும், மேக்கை அவ்வளவு அச்சுறுத்திய பெடரல் லீக் 1915 டிசம்பரிலேயே மூடப்பட்டது. இரண்டு பருவங்களே வாழ்ந்த விரோதிக்கு அஞ்சிக் கலைத்ததை மறுபடி கட்டப் பத்தாண்டுகளுக்கு மேலாயின.

வீழ்ச்சியின் வேகம் நம்பத்தக்கதன்று. 1915-இல் வெற்றி 43, தோல்வி 109. அடுத்த ஆண்டு வெற்றி 36, தோல்வி 117. அந்த 1916-ஆம் ஆண்டில் மற்ற ஏழு அணிகளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றன. ஏழாவதாக வந்த வாஷிங்டனே 76 ஆட்டங்களை வென்றிருந்தது. எட்டாவதான பிலடெல்பியா அதற்கும் 40 வெற்றிகள் கீழே, தனியாகக் கிடந்தது. தொடர்ச்சியாக 20 ஆட்டங்கள் தோற்றதும் அவ்வாண்டில்தான். ஜாக் நேபர்ஸ் என்ற பந்தெறிவீரர் ஓர் ஆட்டத்தில் வென்று இருபதில் தோற்றார். டாம் ஷீஹன் ஒன்றில் வென்று பதினாறில் தோற்றார். ஷார்ட் ஸ்டாப் நிலையில் நின்ற வைட்டி விட் 78 பிழைகள் செய்தார். ஆனால் இதே பரிதாபமான அணியில் ஜோ புஷ், ஆகஸ்டு 26-ஆம் தேதி, கிளீவ்லாண்டுக்கு ஒரு ஹிட் கூடக் கொடாமல் முழு ஆட்டமும் பந்தெறிந்து வென்றார். அவ்வாண்டில் அவர் வென்ற ஆட்டங்கள் 15. எல்மர் மயர்ஸ் வென்றவை 14. சங்கத்தின் மற்ற எல்லாப் பந்தெறிவீரரும் சேர்ந்து வென்றவை ஏழே ஏழு. பழைய நால்வரில் எஞ்சி நின்ற மக்கின்னிஸும் 1918-இல் பாஸ்டனுக்குச் சென்றார். 1921 வரை அத்லெடிக்ஸின் ஸ்தானம் எட்டாவதே.

வேறெந்த நகரத்திலும் இரண்டாவது ஆண்டிலேயே நிர்வாகியை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். மேக்கை அனுப்ப எவருக்கும் அதிகாரமில்லை. அவர் சங்கத்தின் பாதிப் பங்குக்கு உரியவர். மறு பாதிக்கு உரிய பெஞ்சமின் ஷைப் பேஸ்பால் பந்து தயாரிக்கும் தொழிலில் செல்வரானவர், ஆட்டக்காரர் விஷயத்தைக் கூட்டாளியிடமே விட்டிருந்தார். மேக்கின் பொறுமையை அக்காலத்துப் பத்திரிகைக்காரர்கள் ரிஷிகளின் பொறுமையாகவே போற்றினர். அப்பொறுமைக்குப் பின்னே பங்குப் பத்திரமும் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

மீட்சி மெதுவாகத் தொடங்கியது. 1918-இல் ஜிம்மி டைக்ஸும், 1920-இல் விரல்முனையால் பந்தைப் பிடித்துச் சுழலாமல் மிதக்கவிடும் எடி ராமெலும் வந்தனர். ராமெல் 1922-இல், ஏழாவதாக முடித்த அணிக்காக, 27 ஆட்டங்களை வென்றது அந்த லீகின் அதிசயங்களில் ஒன்று. 1923-இல் ஆறாவது, 1924-இல் ஐந்தாவது என்று படிப்படியாக ஏறியபோது, மேக் தம் பழைய முறையை மாற்றிக்கொண்டார். பச்சைக் காய்களைப் பழுக்கவைத்தவர், பிறர் தோட்டத்தில் பழுத்தவற்றை விலைக்கு வாங்கலானார். அக்காலத்துச் சிறிய லீக் சங்கங்கள் பெரும்பாலும் சுயேச்சையானவை; ஆட்டக்காரர்களைப் பயிற்றிப் பெரிய லீகுகளுக்கு விற்பதே அவற்றின் ஜீவனோபாயம். பால்டிமோர் ஓரியல்ஸின் ஜாக் டன் இதில் கைதேர்ந்தவர். அவரிடமிருந்து மேக்ஸ் பிஷப்பை வாங்கிய மேக், பின்னர் இடக்கை வேகப் பந்தெறிவீரர் லெஃப்டி குரோவை 1,00,600 டாலருக்குப் பெற்றார். பேப் ரூத்துக்காக நியூயார்க் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட லட்சத்தை மிஞ்சவே அந்த அறுநூறு! மில்வாக்கியிலிருந்து ஆல் சிம்மன்ஸ் வந்தார். மட்டை வீசும்போது முன்காலை மூன்றாம் பேஸ் பக்கம் விலக்கிவைக்கும் அவருடைய விபரீத நிலையைத் திருத்தவேண்டும் என்று பலர் சொல்லியும், அடி விழுகிறவரை கால் எங்கே நின்றால் என்ன என்ற போக்கில் மேக் விட்டுவிட்டார். சிம்மன்ஸ் 1925-இல் 253 ஹிட்டுகள் அடித்தார்.

அதே ஆண்டில், போர்ட்லண்டிலிருந்து கேட்சர் மிக்கி காக்ரேனும், மேரிலாண்டின் பண்ணைச் சிறுவனான ஜிம்மி பாக்ஸும் சேர்ந்தனர். பதினேழு பிராயமே ஆகியிருந்த பாக்ஸைக் கண்டெடுத்து மேக்கிடம் சிபாரிசு செய்தவர், சம்பளச் சண்டையில் பிரிந்துபோன அதே பிராங்க் பேக்கர் என்பது இக்கதையில் எனக்கு மிகப் பிரியமான செய்தி. எடி காலின்ஸும் 1927-இல் திரும்பிவந்து, பயிற்சியாளராய்ப் பெஞ்சில் மேக்கின் அருகே அமர்ந்தார்.

1925-இல் இரண்டாம் இடம். பார்வையாளர் தொகை 8,60,000-ஐத் தாண்டிற்று. 1927-இலும் 1928-இலும் ரூத்தின் நியூயார்க் அணி வழிமறித்தது. 1929-இல் 104 வெற்றிகளுடன் முதலிடம் பெற்ற மேக், உலகத் தொடரின் முதல் ஆட்டத்திற்குக் குரோவை நிறுத்தாமல், 35 வயதான ஹவர்ட் எம்கியைப் பந்தெறிய அனுப்பிச் சிகாகோ கப்ஸைத் திகைக்கவைத்தார். எம்கி 13 பேரை அடிக்கவிடாமல் வெளியேற்றினார். நான்காவது ஆட்டத்தில் 8-0 என்று பின்தங்கியிருந்த பிலடெல்பியா, ஏழாவது இன்னிங்ஸில் மட்டும் பத்து ஓட்டங்கள் எடுத்து வென்றது. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் உலகத் தொடர் அவர்களுடையதே.

பொருளாதார மந்தம் வந்ததும் மேக் மறுபடியும் விற்றார். 1932-இல் சிம்மன்ஸும் டைக்ஸும், 1933-இல் குரோவும் காக்ரேனும், 1935-இல் பாக்ஸும் போயினர். இம்முறை மீண்டும் கட்ட இயலவில்லை. ஏனெனில், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் பிராஞ்ச் ரிக்கி வகுத்த வழியில் பெரிய சங்கங்கள் சிறிய லீக் அணிகளையே தமதாக்கிக்கொண்டு வந்தன. டன்னைப்போல் விற்பார் குறைந்துபோயினர். மேக் 1950-இல் தம் எண்பத்தேழாவது வயதில் ஓய்வு பெற்றார். 1954-ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் அத்லெடிக்ஸ் சங்கம் கான்ஸாஸ் நகரத்துக்கு விற்கப்பட்டது.