கத்திக்கயிறு

கத்திக்கயிறு என்பது கத்தியின் பிடியில் உள்ள துளையிலோ வளையத்திலோ கோத்துக் கட்டும் குட்டைக் கயிறு. கடைகளில் லேன்யார்டு என்ற பெயரிலும் கிடைக்கிறது. பேனாக்கத்தி, மடக்குக்கத்தி, மீனவர் கத்தி, மரம் ஏறுவோரின் வெட்டுக்கத்தி, மலையேறுவோர் எடுத்துச் செல்லும் உறைக்கத்தி ஆகியவற்றில் இதைக் காணலாம். கத்தி தொலையாமல் காப்பதும், பையிலிருந்து சட்டென எடுக்க உதவுவதும், சிறிய பிடியை நீட்டித் தருவதும், உயரத்திலிருந்து விழாமல் தடுப்பதும் இதன் பயன்கள். தரை, நீர், மரம் என வேலை நடக்கும் இடத்தைப் பொறுத்து கயிற்றின் நீளமும் கட்டும் இடமும் மாற வேண்டும். ஓரிடத்தில் உயிர் காக்கும் கட்டு இன்னோரிடத்தில் கையைக் கிழிக்கும்.

சாலைச் சந்தை

இந்த இட வேறுபாட்டைத் திருவனந்தபுரத்தின் சாலைச் சந்தையைச் சுற்றியே காணலாம். அங்கே கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் சாலைக் கடைவீதி, திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாசன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியது. தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாக இங்கே கடை வைத்திருக்கிறார்கள். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்துடன் (இன்றைய தமிழ்நாடு) இணையும் வரை, அந்த மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டுக்கும் விளவங்கோட்டுக்கும் இதுவே தலைநகரின் பெருஞ்சந்தை.

இந்தச் சந்தையைச் சுற்றியுள்ள நிலத்தில் கத்தியும் கயிறும் சேர்ந்தே புழங்குகின்றன. மேற்கே வலியதுறை, பூந்துறை, விழிஞ்ஞம் என நீளும் கடற்கரை, ஊரெங்கும் தென்னை, தெற்கே பனை, கிழக்கே அகத்தியமலைக் காடு. வலை அறுப்பவர், குலை வெட்டுபவர், பாளை சீவுபவர், காட்டுவழி நடப்பவர் ஆகிய நால்வருக்கும் கத்தி கையை விட்டு நழுவினால் வரும் இழப்பு வேறு வேறு. அதனால் கத்தியைக் காக்கும் ஏற்பாடும் வேறுபடுகிறது.

வரலாறு

பாய்மரக் கப்பல் காலத்தில் மாலுமிகள் கத்தியைக் கயிற்றால் கழுத்திலோ இடுப்பிலோ கட்டிக்கொண்டுதான் பாய்மரத்தில் ஏறினார்கள். மேலிருந்து நழுவும் கத்தி கடலில் விழுந்தால் கருவி நட்டம்; தளத்தில் விழுந்தால் கீழே நிற்பவரின் உயிர் நட்டம். இரு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் படைகளுக்கு வழங்கிய மடக்குக்கத்திகளின் முனையில் கயிறு கட்டுவதற்கான வளையம் இருந்தது. 1944இல் வெளிவந்த கிளிஃபோர்டு ஆஷ்லியின் முடிச்சுக் களஞ்சியம், மாலுமிகள் கத்திக்கயிற்றில் போட்ட முடிச்சுக்குத் தனி எண் கொடுத்துப் பதிவு செய்துள்ளது.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய மரபுகள் உண்டு. குடகு மக்களின் பீச்சேகத்தி உறையில் வெள்ளிச் சங்கிலி தொங்கும். சீக்கியர்கள் கிர்பானைக் காத்ரா என்ற தோள்வாரில் அணிகிறார்கள். இவை உறையைத்தான் உடலோடு பிணைக்கின்றன, கத்தி தனியே உருவி எடுக்கப்படுகிறது. கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பனையேறிகளின் வழியும் இதுவே. பாளை அரிவாளை இடுப்பில் கட்டிய அரிவாள்பெட்டியில் செருகிக்கொண்டு ஏறுவார்கள். அரிவாளுக்குக் கயிறு இல்லை, பெட்டிக்கு மட்டுமே உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு கைகளும் மரத்துக்கு வேண்டும் என்பதால் அமைந்த ஏற்பாடு இது.

தரையில்

கால்சட்டைப் பையின் ஆழத்தில் கிடக்கும் மடக்குக்கத்தியை ஈரக் கையாலோ கையுறை போட்ட கையாலோ எடுப்பது சிரமம். நான்கு விரல் அகலத்துக்குக் கயிறு வெளியே தெரிந்தால் இழுத்ததும் கத்தி வந்துவிடும். மூன்று விரல்கள் மட்டுமே பிடிக்கக்கூடிய குட்டைக் கத்தியில், பிடியின் முனையை ஒட்டிப் போட்ட தடித்த முடிச்சு சுண்டு விரலுக்குப் பிடிமானம் தரும். சருகிலும் புல்லிலும் விழுந்த கத்தி கண்ணில் படாது. ஆரஞ்சு அல்லது மஞ்சள் கயிறு அதைக் காட்டிக் கொடுக்கும். காட்டுக்குப் போகிறவர் கறுப்பு, பச்சை நிறக் கயிறுகளைத் தவிர்ப்பது நல்லது.

நீரில்

எஃகு தண்ணீரைவிட ஏறக்குறைய 8 மடங்கு அடர்த்தி கொண்டது. 100 கிராம் எஃகுக் கத்தி விலக்கும் தண்ணீர் 13 கிராம்தான். மீதி 87 கிராமைத் தாங்க மிதவை வேண்டும். வலையில் கட்டும் சிறிய மிதவையைக் கயிற்றில் கோத்து, அது கத்தியையும் தாங்குகிறதா என்று கரையிலேயே வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வள்ளத்தில் மற்றொரு ஆபத்தும் உண்டு. ஓடும் வலையில் கால் சிக்கினால் அறுத்து விடுபடச் சில நொடிகளே இருக்கும். அப்போது கத்தி எட்டும் இடத்தில், குட்டைக் கயிற்றில் இருந்தால்தான் பயன்படும். நீண்டு தொங்கும் கயிறு வலையோடு சேர்ந்து சிக்கும்.

உயரத்தில்

கயிறு இன்றியமையாதது இங்கேதான். 20 மீட்டர் உயரத் தென்னையிலிருந்து நழுவும் வெட்டுக்கத்தி இரண்டே நொடியில் தரையைத் தொடும்; அப்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். கீழே தேங்காய் பொறுக்கும் ஆளுக்கு விலக நேரம் கிடைக்காது. உயரத்தில் வேலை செய்வோரின் கருவிகளைப் பிணைக்கும் கயிறுகளுக்கென்றே அமெரிக்காவில் 2018இல் தனித் தரநிலை வந்தது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய ‘தென்னையின் நண்பர்கள்’ திட்டத்தில் ஏராளமான இளைஞர்கள் கருவி கொண்டு மரம் ஏறப் பயிற்சி பெற்றார்கள். இப்படி ஏறுவோர் வெட்டுக்கத்தியை இடுப்பு வாரோடு பிணைக்கலாம்; கனத்த கத்தியை மணிக்கட்டில் கட்டவே கூடாது. கை நீட்டி வெட்டும் தூரம்தான் கயிற்றின் நீளம். அதற்கு மேல் நீண்டால், நழுவிய கத்தி ஊசலாடி வந்து தொடையில் பாயும். வெட்டாத நேரத்தில் கத்தி உறைக்குள் இருக்க வேண்டும்.

கட்டும் முறை

சிறிய கத்திக்கு ஒன்றரை முழக் கயிறு போதும். இரண்டாக மடித்து, மடிப்பு முனையைத் துளைக்குள் நுழைத்து, மற்ற இரு முனைகளையும் அதற்குள் விட்டு இழுத்தால் சுருக்கு விழும். அதன் மேல் வைர முடிச்சோ பாம்பு முடிச்சோ போட்டு முனைகளை இறுக்கலாம். துளையின் விளிம்பு கூராக இருந்தால் கயிற்றை அறுக்கும். முதலில் அரத்தால் மழுக்கிவிட வேண்டும்.

பெரிய கத்தியால் வெட்டும்போது, கயிற்றின் வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, புறங்கை வழியாகச் சுற்றிப் பிடியைப் பற்றுவது நல்ல வழக்கம். பிடி தளர்ந்தால் கயிறு கத்தியைத் தாங்கும். கையைத் திறந்து உதறினால் கத்தி விடுபட்டுப் போகும். மணிக்கட்டில் இறுகக் கட்டிய கத்தியோ, நழுவியதும் சுழன்று அதே கையின் மேல் விழும்.

கயிறு வகைகள்

பாராகார்டு எனப்படும் பாராசூட் கயிறு பலருடைய தேர்வு. ஏழு உள்ளிழைகள் கொண்ட நைலான் கயிறு. 550 பவுண்டு, அதாவது சுமார் 250 கிலோ வரை தாங்கும். முனையைத் தீயில் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும், பிரியாது. பருத்திக் கயிறு கைக்கு மென்மையானது, ஆனால் ஈரம் குடிக்கும். தென்னை நார்க் கயிறு உப்புநீரைத் தாங்கும். சொரசொரப்பு மிகுதி என்பதால் தோலில் உரசும் இடத்துக்கு ஒவ்வாது. ஆண்டுக்கு இரண்டு பருவமழை காணும் திருவனந்தபுரத்தில் தோல்வார் விரைவில் பூசணம் பிடிக்கும்.

ஆபத்துகள்

மின்மோட்டார், சங்கிலி, சுழலும் உருளை அருகே தொங்கும் கயிறு கையை உள்ளே இழுத்துவிடும். அங்கே கயிற்றைக் கழற்றி வைப்பதே முறை. கழுத்தில் மாட்டும் கத்திக்கு 250 கிலோ தாங்கும் கயிறு கேடு. கிளையில் சிக்கினால் கயிறு அறாது, கழுத்து இறுகும். இழுத்தால் தானே விடுபடும் கொக்கி அதற்குக் கட்டாயம். மடக்குக்கத்தியை மூடும்போது கயிறு வாய்ப்பகுதியில் அகப்படாமல் பார்க்க வேண்டும்.

சட்டம்

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டுப் பயன்பாடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. கயிறு இருப்பதால் கத்தியின் சட்டநிலை மாறுவதில்லை. விமானத்தில் கைப்பையில் கத்தி கொண்டுசெல்லப் பொதுவாக முடியாது.

பராமரிப்பு

கடல்நீரில் நனைந்த கயிற்றை நன்னீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். துளையை ஒட்டிய இடத்திலேயே இழை முதலில் தேயும். மேலுறை பிய்ந்து உள்ளிழை தெரிந்தால் கயிற்றை மாற்றியாக வேண்டும். மரம் ஏறுவோர் ஒவ்வொரு நாளும் ஏறுமுன் இரண்டு கையாலும் இழுத்துச் சோதிப்பது வேலையின் பகுதி. சில ரூபாய்க் கயிற்றை மிச்சம் பிடிக்க நினைத்துக் கீழே நிற்பவரின் தலையைப் பணயம் வைக்கக் கூடாது.