பெயரும் உரிமையும்: போலிப் பல்கலைக்கழகங்களின் பெயர் வரலாறு

பல்கலைக்கழக மானியக் குழு பல்லாண்டுகளாக வெளியிட்டுவரும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் கேரளத்திற்குரிய பதிவு நெடுங்காலம் ஒன்றாகவே இருந்தது. ‘செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம், கிஷநாட்டம்’ என்பது அது. 2024இல் வெளிவந்த பட்டியலில் கோழிக்கோட்டுக் குன்னமங்கலத்து நிறுவனம் ஒன்று அதனோடு சேர்ந்தது. கிஷநாட்டம் என்னும் பெயரில் கேரளத்தில் ஊரே இல்லை என்பதை நாளிதழ்கள் பலமுறை சுட்டியுள்ளன. இப்பெயரின் அமைப்பு நோக்கத்தக்கது. ‘கிஷன்’ என்பது கிருஷ்ணன் என்னும் பெயரின் வடஇந்திய வழக்கு. ‘ஆட்டம்’ தென்மொழிச் சொல். குருவாயூரில் இன்றும் நிகழ்த்தப்பெறும் கிருஷ்ணனாட்டம், சாமூதிரி மானவேதனால் 17ஆம் நூற்றாண்டில் உருவாக்கப்பட்ட கலைவடிவம். அதன் பெயரை எங்கோ கேட்ட வடபுலத்தார் ஒருவர் ஊர்ப்பெயராகக் கொண்டிருக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் ஊகம். மலையாள நாட்டில் பிறந்தவர் இத்தகைய பெயரைப் புனைந்திருக்க மாட்டார்.

நிறுவனத்தின் பெயரோ நம்பத்தகுந்த வார்ப்பில் அமைந்துள்ளது. பாளையங்கோட்டையிலும் கொல்லம் மாவட்டத்து அஞ்சலிலும் தூய யோவான் பெயரால் கல்லூரிகள் உள்ளன. நியூயார்க்கில் அப்பெயரிலேயே ஒரு பல்கலைக்கழகம் உண்டு. போலிப் பெயர் எப்போதும் ஏதேனும் ஒரு மெய்ப்பெயரின் நிழலிலேயே நிற்கிறது என்பதற்கு இப்பட்டியல் முழுவதும் சான்றாகிறது. அந்நிழல் எவ்வெவ்வாறு உண்டாக்கப்படுகிறது என்பதையும், சான்றிதழ்களை மொழிபெயர்ப்போர்க்கு அதனால் நேரும் இடர்ப்பாட்டையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

முதலில் சட்டத்தின் சொல்லாட்சியைக் காணலாம். 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 22ஆம் பிரிவில் பட்டம் வழங்கும் உரிமையையும், 23ஆம் பிரிவில் ‘யுனிவர்சிட்டி’ என்னும் சொல்லைப் பெயரில் கொள்ளும் உரிமையையும் வரையறுத்தது. மத்திய, மாகாண அல்லது மாநிலச் சட்டத்தாலோ அதன் கீழோ நிறுவப்பட்ட பல்கலைக்கழகமன்றி வேறெந்நிறுவனமும் அச்சொல்லைத் தன் பெயருடன் எவ்வகையிலும் இணைத்துக்கொள்ளலாகாது. ஏற்கெனவே அச்சொல்லைக் கொண்டிருந்த நிறுவனங்களுக்கு இரண்டாண்டு அவகாசம் தரப்பட்டது. மீறுவோர்க்கு 24ஆம் பிரிவு விதித்த தண்டம் ஆயிரம் ரூபாய்க்கு மேற்படாதது. ஒரு சொல்லின் வழக்கையே குற்றமாக்கிய சட்டங்கள் மிகச் சில. அவற்றுள் இஃது ஒன்று என்பதால் மொழியியலார் கவனத்திற்கு உரியது.

‘சட்டத்தாலோ அதன் கீழோ’ என்னும் தொடரில் ஓர் இடைவெளி உண்டு. நிறுமச் சட்டமும் மத்தியச் சட்டமே. அதன் கீழ்ப் பதிவான வணிக நிறுமம் தன்னையும் மத்தியச் சட்டத்தின் கீழ் அமைந்ததாகச் சொல்லிக்கொள்ள இத்தொடர் இடந்தருவது போல் தோன்றும். தில்லித் தரியாகஞ்சில் இருந்த ‘கமர்ஷியல் யுனிவர்சிட்டி லிமிடெட்’ பற்றிய பிரேம் சந்த் ஜெயின் வழக்கில், 1984இல், உச்சநீதிமன்றம் 23ஆம் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனினும் அப்பெயர் அதன் பின்னரும் பல்லாண்டுகள் போலிப் பட்டியலில் தொடர்ந்தது. தீர்ப்புக்குப் பின்னும் பெயர் வாழ்வதற்கு ஆயிரம் ரூபாய்த் தண்டமும் ஒரு காரணம் எனலாம்.

இனி, சட்டம் காத்தது ஓர் ஆங்கிலச் சொல்லை என்பதை மறத்தலாகாது. வித்யாபீடம், பரிஷத், அகாடமி முதலான சொற்கள் காவலின்றி நின்றன. பட்டியலில் பிரயாகையின் ‘காந்தி இந்தி வித்யாபீடம்’, ரூர்கேலாவின் ‘நவபாரத சிக்ஷா பரிஷத்’ போன்றவை இடம்பெற்றமை இதனால் விளங்கும். வித்யாபீடம் என்னும் சொல்லின் வரலாறு பெருமைக்குரியது. ஒத்துழையாமை இயக்கக் காலத்தில், 1920இல் குஜராத் வித்யாபீடமும் 1921இல் காசி வித்யாபீடமும் தோன்றின. அன்னிய அரசின் ஏற்பை அவை நாடவில்லை. அவ்வேற்பின்மையே அவற்றின் மதிப்பாயிற்று. லால் பகதூர் அவர்களின் பெயருடன் நிலைத்துவிட்ட ‘சாஸ்திரி’ என்பது காசி வித்யாபீடம் அளித்த பட்டம். தமிழகத்திலும் 1901இல் நிறுவப்பெற்ற மதுரைத் தமிழ்ச் சங்கம் தேர்வுகள் நடத்திப் பண்டிதர் பட்டம் வழங்கியது. அங்குப் பட்டத்திற்கு மதிப்பளித்தது தேர்வின் கடுமை. பின்னாளில் போலியார் எடுத்துக்கொண்டது அச்சொற்களின் மணத்தை மட்டுமே, தேர்வை அன்று.

மற்றொரு முறை, மெய்ந்நிறுவனம் துறந்த பெயரை எடுத்தணிவது. 1791இல் காசியில் தோன்றிய வடமொழிக் கல்லூரி 1958இல் ‘வாராணசேய சம்ஸ்கிருத விசுவவித்யாலயம்’ ஆயிற்று; 1974இல் சம்பூர்ணானந்தர் பெயரைப் பெற்றது. பழம்பெயர் கைவிடப்பட்டது. அதே பழம்பெயருடன், தில்லி ஜகத்புரி முகவரி கொண்ட நிறுவனம் ஒன்று போலிப் பட்டியலில் காணப்படுகிறது. பழைய நூல்களிலும் சான்றிதழ்களிலும் அப்பெயரைக் கண்டிருந்த ஒருவர் ஐயமின்றி ஏமாறுவர். இத்தகைய இடங்களில் ஆண்டே அளவுகோல்: 1965இல் அப்பெயரில் வழங்கப்பெற்ற பட்டம் மெய், 1995இல் வழங்கப்பெற்றது பொய்.

சொல் இருப்பதே உரிமைக்குச் சான்றாகாதது போல, இல்லாமையும் போலிக்குச் சான்றாகாது. திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடிக்குச் செல்லும் வழியில் அமைந்த வித்துராவை அடுத்த மருதமலையில் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் உள்ளது. 2008இல் தொடங்கப்பெற்ற இந்நிறுவனத்தின் பெயரில் பல்கலைக்கழகம் என்னும் சொல் இல்லை. தேசியத் தொழில்நுட்பக் கழகங்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டபோது, நாடாளுமன்றம் இத்தகைய நிறுவனங்களுக்கும் பட்டம் வழங்கும் உரிமையை அளித்தது. மானியக் குழுவின் பல்கலைக்கழகப் பட்டியலில் மட்டும் தேடுவோர் இதனை ஐயுற நேரும். மறுபுறம், ‘இந்திய அறிவியல் மற்றும் பொறியியல் நிறுவனம்’ என்று தமிழில் பெயர்க்கத்தக்க தில்லி அமைப்பு ஒன்று போலிப் பட்டியலில் உள்ளது. ஆங்கிலத்தில் வித்துராவின் நிறுவனம் ‘இன்ஸ்டிட்யூட்’. தில்லியின் அமைப்பு ‘இன்ஸ்டிட்யூஷன்’. தமிழில் இரண்டும் ‘நிறுவனம்’ ஆகிவிடுகின்றன. மூலத்தில் இருந்த மெல்லிய வேறுபாட்டை மொழிபெயர்ப்பே அழித்துவிடுவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

விளம்பரத் தமிழில் பெரிதும் குழப்பப்படுவன பதிவு, அங்கீகாரம், இணைவு, தரமதிப்பீடு என்னும் நான்கு சொற்கள். ‘அரசு பதிவு பெற்றது’ என்பது பெரும்பாலும் சங்கப் பதிவையே குறிக்கும். தமிழகத்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மன்றங்களும் நற்பணிச் சங்கங்களும் பெறும் பதிவு அது. இணைவு, ஒரு பல்கலைக்கழகம் கல்லூரிக்குத் தருவது. தரமதிப்பீடு, 1994இல் பெங்களூரில் அமைந்த தேசியத் தரமதிப்பீட்டுக் குழு போன்றவை வழங்குவது. அஃது உரிமையை அளிப்பதன்று, முன்னரே உரிமை பெற்றதன் தரத்தை அளப்பது. இவை அனைத்தையும் ‘அங்கீகாரம்’ என்றே பெயர்ப்பது வசதியானது, ஆனால் தவறு. வளைகுடா நாடுகளில் பணி நாடும் மாணவர் ஒருவரின் சான்றிதழில் ‘பதிவு’ என்பதை ‘அங்கீகாரம்’ ஆக்கும் மொழிபெயர்ப்பாளர், இல்லாத உரிமை ஒன்றைத் தாமே வழங்கியவராகிறார். பின்னர்ச் சான்றுச் சரிபார்ப்பில் அகப்பட்டுக்கொள்பவர் அம்மாணவரே.

உரிமை பெற்றவற்றின் பெயரிலும் சிக்கல் உண்டு. 2017 நவம்பரில் உச்சநீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி, மானியக் குழு 123 நிகர்நிலை நிறுவனங்களைத் தம் பெயரிலிருந்து ‘யுனிவர்சிட்டி’ என்னும் சொல்லை நீக்குமாறு பணித்தது. நிகர்நிலைத் தகுதியைப் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் சுட்டலாம் என்றது. சொல் பெயரின் உறுப்பா, குறிப்பா என்பதை அந்த அடைப்புக்குறியே காட்டுகிறது. ஆதலின் பெயர்ப்பில் அதனை விட்டுவிடுதல் கூடாது. இத்தகுதியைத் தமிழ் ‘நிகர்நிலை’ என்கிறது. மலையாளத்தில் வழங்குவது ‘கல்பித சர்வகலாசாலை’. அங்கே கல்பிதம் என்பது அவ்வாறு கொள்ளப்பட்டது என்னும் சட்டப்பொருளில் நிற்கிறது. தமிழில் கற்பிதம் என்றால் புனைவு. மலையாளச் சான்றிதழில் உள்ள அச்சொல்லை ஒலியொப்புமை கருதிக் ‘கற்பிதப் பல்கலைக்கழகம்’ என்று பெயர்த்துவிட்டால், நேர்மையாகப் படித்துப் பெற்ற பட்டமும் தமிழில் போலியாகிவிடும்.