கொலிஜியம்

பொருள்: நீதிபதி பதவிக்குரியவர்களைத் தேர்ந்து பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழு.

வேர்: லத்தீன். 'கொலேகா' என்றால் உடன் பணியமர்த்தப்பட்டவர். அத்தகையோர் கூடிய அவை 'கொலேகியம்'. 'காலேஜ்' என்பதும் இவ்வேரில் கிளைத்ததே.

வழக்கு: அரசமைப்புச் சட்டத்தில் இச்சொல் கிடையாது. இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசித்துக் குடியரசுத் தலைவர் நீதிபதிகளை நியமிப்பார் என்பதே 124, 217ஆம் பிரிவுகளின் சாரம். அந்த ஆலோசனை அரசைக் கட்டுப்படுத்தாது என்றது 1981ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 1993இல் ஒன்பது நீதிபதிகள் அதை மாற்றி, நீதித்துறையின் கருத்துக்கே முதன்மை தந்தனர். உச்ச நீதிமன்ற நியமனத்துக்குத் தலைமை நீதிபதியும் மூத்தவர் நால்வரும் என்று 1998இல் வரையறுக்கப்பட்டது. மாற்றாக வந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையம் 2015இல் செல்லாததாயிற்று.

குழு மீண்டும் வலியுறுத்திய பெயரை அரசு ஏற்றாக வேண்டும். ஆனாலும் கோப்புகள் கிடப்பில் கிடக்கின்றன. இதன் சுமை வழக்காடுபவர் மேல்தான். எடுத்துக்காட்டாக, தேனி மாவட்டக் குரங்கணி மலைச்சரிவின் ஏலத்தோட்டப் பட்டா வழக்கு உயர் நீதிமன்றம் ஏறினால், 2004இல் தொடங்கிய மதுரைக் கிளைக்குத்தான் போகும். அங்கே நீதிபதி இருக்கை காலியாக இருந்தால் விவசாயியின் வாய்தாதான் நீளும். தேர்வில் வெளிப்படைத்தன்மையும் நியமனத்தில் காலவரம்பும் கட்டாயம் வேண்டும்.