தறி ஓயும் நாள் பார்த்து

குழித்தறியில் உட்கார்ந்தவனுக்கு ஊர்ப்பயணத்தில் பெரிய செலவு வண்டிச் சத்தமோ டிக்கெட்டோ இல்லை. தறி நிற்கும் நாளின் கூலிதான். ஆரணி வட்டாரத்தில், எங்கள் பெரணமல்லூரிலும், முதலாளியிடம் பாவும் ஊடையும் வாங்கிக் கூலிக்குப் பட்டு நெய்தவர்களே அதிகம். சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கையில் காசு. அதனால் எங்கள் பெரியவர்கள் எங்கே போகலாம் என்று யோசிப்பதற்கு முன் தறி எப்போது ஓயும் என்று பார்த்தார்கள்.

1830-இல் சென்னையிலிருந்து காசிக்குக் கிளம்பிய ஏனுகுல வீராசாமி, பல்லக்கும் பரிவாரமுமாகப் போய் அதைத் தெலுங்கில் எழுதியும் வைத்தார். எங்கள் பக்கம் நடந்து போனவர்கள் ஒரு வரி எழுதவில்லை. நான் சொல்வதெல்லாம் திண்ணையில் காதில் விழுந்தது.

பட்டுத் தறிக்கு அமாவாசை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை லீவு எல்லாம் பின்னால் வந்த பழக்கம். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கும் அமாவாசை இரவில்தான் ஊஞ்சல் உற்சவம். யார் போட்ட கணக்கோ, நெசவாளிக்கு இதைவிட மலிவான பயணம் கிடையாது. காலையில் கிளம்பி சேத்துப்பட்டு வழியாக நடந்தால் இருட்டுவதற்குள் போய்விடலாம். உற்சவமே நள்ளிரவில் என்பதால் தங்க இடம் தேடும் வேலையில்லை. ஊஞ்சல் முடிந்ததும் கோயில் வெளியில் துண்டை விரித்துக் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, விடியலில் திரும்பி நடப்பார்கள்.

சாப்பாட்டுச் செலவை ஆயாவின் கட்டுச்சோறு பார்த்துக்கொள்ளும். புளிக்கரைசலை நல்லெண்ணெயில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கொதிக்க விடுவாள். சோறு உதிரியாக வெந்து, நன்றாக ஆறிய பிறகே பிசைவாள். சூட்டோடு கட்டினால் மூட்டைக்குள் வியர்த்து ஊசிப்போகும். நான் பக்கத்தில் போனால், "ஈரக் கையோட தொடாதடா கண்ணு, மறுநாளுக்கு நிக்காது" என்பாள். வாழை இலையில் வைத்து, மேலே துணி சுற்றினால் இரண்டு நாளைக்குக் கவலையில்லை.

நீண்ட பயணத்துக்கு மழைக்காலம். பாவைத் தெருவில் நீட்டித்தான் இழை சரிபார்க்க வேண்டும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நடக்காது. தறிக்குழியில் ஊற்றெடுத்து, மிதிக்கும் கால் சேற்றில் நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் திருவண்ணாமலையில் தீபம் வருகிறது. எப்படியும் கூலி இல்லை, நடந்தாவது வைப்போம் என்று அவலூர்ப்பேட்டை வழியாகக் கூட்டமாகப் போனார்கள். 1890-களில் காட்பாடி–விழுப்புரம் ரயில் வந்தும் எங்களுக்குப் பெரிய லாபமில்லை. ஆரணி ரோடு என்று பெயர் வைத்த ஸ்டேஷன் இருப்பது களம்பூரில். மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுக்க மேற்கே அவ்வளவு தூரம் நடக்கிற கால், தெற்கே இன்னும் கொஞ்சம் நடந்தால் மலையே வந்துவிடும்.

திருப்பதி வேறு கணக்கு. புரட்டாசியில் மஞ்சள் துணி கட்டி, நாமம் போட்டு, "கோவிந்தா" என்று வீடு வீடாக அரிசியும் காசும் வாங்கிச் சேர்த்துக்கொண்டு போவார்கள். அதில் யாருக்கும் வெட்கமில்லை, அது வேண்டுதல். பிடி அரிசி போட்ட வீட்டுக்கும் புண்ணியத்தில் பங்கு உண்டு. வசதி இருந்தவனும் வாங்கித்தான் போனான், அதனால் இல்லாதவன் தனியாகத் தெரியவில்லை. இந்த ஏற்பாட்டை நான் பெரிய புத்திசாலித்தனம் என்பேன். 1944-இல் முதல் மலைப்பாதை திறக்கும்வரை ஏழுமலைக்கு வண்டிச்சாலை கிடையாது. டோலியில் போக முடிந்த சிலர் தவிர எல்லோருக்கும் படிக்கட்டுதான்.

இப்போது அமாவாசைக்கு மலையனூருக்குச் சிறப்புப் பேருந்து விடுகிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சிறப்புப் பேருந்துக்கு அந்தச் சலுகை இல்லாததால், எந்த நிறுத்தத்தில் இறங்கி எதில் ஏறுவது என்பது என் மருமகளுக்கு மனப்பாடம். கட்டுச்சோறு மட்டும் கட்டுவதில்லை. "அங்க அன்னதானம் இருக்கு மாமா, இல்லன்னா பரோட்டா" என்கிறாள். மிச்சம் பிடித்த பஸ் காசு பரோட்டாவில் போகிறது என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.