மாக்ஸ் போர்ன் பெங்களூரில்: அயல்நாட்டு அறிஞரை வரவேற்றவர் யார்?

அயல்நாட்டு மாணவர்களை வரவேற்று உதவ, அவர்கள் பயிலும் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் தனி அலுவலகம் வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. பல பல்கலைக்கழகங்களில் இப்பணியின் பெரும்பகுதி 'மாணவத் தூதர்கள்' தலையில் விழுகிறது. விமான நிலையத்தில் எதிர்கொள்வது, விடுதியில் சேர்ப்பது, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு உடன் செல்வது எல்லாம் தேவையானவையே. ஆனால் வந்தவர் அந்நிறுவனத்தில் ஒருவராக ஆவது இவற்றால் மட்டும் நிகழ்வதில்லை. 1935இல் பெங்களூரில் நடந்தது இதற்குச் சான்று.

ஸ்ரீராம்புரம், மல்லேசுவரம் பகுதிகளைக் கடந்து வடக்கே சென்றால் இந்திய அறிவியல் நிறுவனம் வரும். 1909இல் தோன்றிய அந்நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநராக 1933இல் சி. வி. ராமன் பொறுப்பேற்று, இயற்பியல் துறையையும் உருவாக்கினார். அதே ஆண்டு ஏப்ரலில் செர்மனியில் இட்லரின் அரசு இயற்றிய சட்டம் யூதப் பேராசிரியர்களைப் பதவியிலிருந்து வெளியேற்றத் தொடங்கியது. குவாண்டம் இயற்பியலை உருவாக்கியவருள் ஒருவரும் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியருமான மாக்ஸ் போர்ன் அவ்வாறு இடமிழந்தார். கேம்பிரிட்சில் அவருக்குக் கிடைத்தது தற்காலிகப் பணியே. ஐரோப்பா இழக்கும் அறிஞர்களைப் பெங்களூர் பெற வேண்டும் என்று எண்ணிய ராமன் அவரை அழைத்தார். 1935 இலையுதிர் காலத்தில் போர்ன் தம் மனைவி எட்விக்குடன் பெங்களூர் வந்து, ஏறத்தாழ ஆறு மாதம் தங்கினார்.

போர்னுக்கு நிலையான பேராசிரியர் பதவி அளிக்க ராமன் முயன்றார். அது குறித்த கூட்டத்தில் ராமன் அவரைப் புகழ்ந்து பேசியபின், மின்தொழில்நுட்பத் துறையின் ஆங்கிலப் பேராசிரியர் ஆஸ்டன் எழுந்து எதிர்த்தார். சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்ட இரண்டாந்தர அயலார் ஒருவர் இந்நிறுவனத்துக்குப் போதாது என்பது அவர் வாதத்தின் சாரம். போர்ன் அப்போது அவையிலேயே இருந்தார். அந்த அவமானத்தால் தாம் நொறுங்கிப்போனதைப் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்தார். இந்திய மண்ணில் ஓர் அயலார் வேண்டாம் என்று வாதிட்டவரும் கடல் கடந்து வந்த அயலாரே. பதவியில் இருந்தவருக்குத் தாம் வந்தவர் என்பது மறந்துவிட்டது.

அதே மாதங்களில் துறைக்குள் நடந்தது வேறு. ராமனிடம் ஆய்வு செய்துவந்தார் இளைஞர் என். எஸ். நாகேந்திரநாத். ஒலி அலைகளால் ஒளி விளிம்புவிளைவுறுவது பற்றி அவரும் ராமனும் 1935 முதல் எழுதிய கட்டுரைத் தொடரே 'ராமன்–நாத் கோட்பாடு' என்று இன்றும் பாடநூல்களில் பயிலப்படுகிறது. அந்த ஆய்வு மாணவர் போர்னுடன் சேர்ந்து, ஒளித்துகளை நியூட்ரினோக்களின் இணையாகக் கருதும் கோட்பாட்டை ஆராய்ந்தார். அவர்களின் கட்டுரை 1936இல் இந்திய அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அக்கோட்பாடு நிலைபெறவில்லை. எனினும் அக்கட்டுரையின் தலைப்பின்கீழ் அகதி அறிஞர் ஒருவரின் பெயரும் பெங்களூர் மாணவர் ஒருவரின் பெயரும் சரிநிகராக நிற்கின்றன. அவை மறுத்த இடத்தை ஆய்வு மேசை கொடுத்திருந்தது.

ஆயினும் மாணவரின் தோழமை பதவிக்கு ஈடாகாது. போர்ன் 1936இல் இங்கிலாந்து திரும்பினார். அதே ஆண்டு எடின்பரோ பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக ஏற்றது. 1953 வரை அங்கேயே பணியாற்றினார். சீனாவிலிருந்து வந்த பெங் உவான்வூ போன்றோர் அவரிடம் பயின்றனர். மற்றொரு சீன இயற்பியலரான உவாங் குன்னுடன் அவர் எழுதிய படிக அணிக்கோவை இயக்கவியல் நூல் 1954இல் வெளிவந்தது. நோபல் பரிசும் அவ்வாண்டே கிடைத்தது. பெங்களூரில் உருவாகியிருக்கக்கூடிய மாணவர் மரபு எடின்பரோவில் உருவாயிற்று.

ராமனுக்கும் இழப்பு நேர்ந்தது. அவர் இயற்பியலுக்கு அளித்த முன்னுரிமையையும் நிர்வாக முறையையும் ஆய்வுக்குழு ஒன்று குறைகூற, 1937இல் இயக்குநர் பதவியிலிருந்து விலகினார். 1940களில் படிக அதிர்வுகள் பற்றி அவரும் போர்னும் கடுமையாக முரண்பட்டனர். அழைத்தவரும் அழைக்கப்பட்டவரும் எப்போதும் ஒத்த கருத்தினராக இருக்க வேண்டியதில்லை. ஒருவரையொருவர் மறுக்கும் உரிமையும் அறிவுலக விருந்தோம்பலில் அடங்கும்.

இன்றைய மாணவத் தூதர் திட்டங்கள் இந்நிகழ்விலிருந்து இரண்டைக் கற்கலாம். வந்தவருடன் சேர்ந்து ஆய்வு செய்யவும் விவாதிக்கவும் உள்ளூர் மாணவருக்கு வாய்ப்புத் தருவதே அவரிடம் ஒப்படைக்கத்தக்க முதற்பணி. மாணவர் எவ்வளவு அன்புடன் வரவேற்றாலும், பதவியும் ஊதியமும் பாதுகாப்பும் நிறுவனம் தர வேண்டியவை. நிறுவனம் தன் கடமையைச் செய்யாதபோது, அந்தக் குறையை இருபது வயது மாணவரின் புன்னகையைக் கொண்டு ஈடுசெய்ய இயலாது.