பீங்கான்

பிரிக்ஃபீல்ட்ஸ் உணவுக்கடையில் மலாய்க்காரர் 'பிங்கான்' என்றால் தட்டு. நமக்கோ அந்தத் தட்டு செய்யப்பட்ட பொருள் பீங்கான். இரண்டுக்கும் வேர் பாரசீகம். அங்கே 'பிங்கான்' என்பது கிண்ணம். அரபியில் காப்பிக் குவளையைக் குறிக்கும் 'பிஞ்ஜான்' அதன் உடன்பிறப்பு. மலாயில் கலத்தின் பெயராகவே தங்கிய சொல், தமிழில் பொருளுக்கும் பெயராயிற்று.

'செராமிக் நானோதுகள்' என்பதைச் சிலர் 'பீங்கான் நானோதுகள்' என எழுதுகிறார்கள். எனக்கு இது உடன்பாடில்லை. பீங்கான், வெண்களிமண் சேர்த்துச் சுட்டது. செராமிக் அதைவிட அகன்றது: செயற்கைப் பல்லாகும் சிர்க்கோனியா, அலுமினா, சிலிக்கான் கார்பைடு எல்லாம் அதில் அடக்கம். இவற்றில் களிமண் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் நானோகேட் மையம் ஆராயும் டைட்டானியம் டை ஆக்சைடும் அப்படித்தான். துகள் 100 நானோமீட்டருக்கும் கீழே சிறுக்கும்போது, எடைக்கு எடை மேற்பரப்பு பெருகுகிறது. ஒளிபட்டு மாசைச் சிதைக்கும் அதன் வேலை அந்தப் பரப்பில்தான் நடக்கிறது. இத்துகளைப் பீங்கான் என்றால் மாணவர் தட்டையே நினைப்பார்.

செராமிக்குக்கு 'வெங்களி' என்றொரு கலைச்சொல் உண்டு. அதிலும் களி ஒட்டியிருக்கிறது. கிரேக்கக் 'கெரமோஸ்' குயவர் மண்தான், ஆனால் செராமிக் அந்த மண்ணைத் தாண்டி வந்துவிட்டது. செராமிக் என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம். மின்கம்பத்தில் கம்பி தாங்கும் வெள்ளைக் குமிழைப் பீங்கான் என்பது மட்டும் மிகச் சரி. அது உண்மையிலேயே வெண்களிமண் சேர்த்துச் சுட்டது.